பூட்டு காக்குமா? திரிங்காப்பில் உயிரும் உடைமையும்



கேமரன் மலை என்றதும் நினைவுக்கு வருவது எது? குளிர்ந்த காற்று, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரிப் பழம், பள்ளி விடுமுறையில் நீளும் வாகன நெரிசல். பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா பாரம் சந்தையில் சோளமும் கீரையும் வாங்கிக்கொண்டு கம்போங் ராஜா பக்கம் போகிறவர்கள் இடையில் ஓர் ஊரைக் கடக்கிறார்கள். சாலையின் இருபுறமும் கடைகள், சரிவெங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள், காய்கறி ஏற்றக் காத்து நிற்கும் லோரிகள். சில நிமிடங்களில் ஊர் முடிந்துவிடும். அதுதான் திரிங்காப்.

சுற்றுலா வந்தவர்களுக்கு அது வழியில் வரும் ஊர். அங்கேயே பிறந்து, உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு அதுதான் உலகம். அந்த உலகத்தில் உயிருக்கும் உடைமைக்கும் என்ன பாதுகாப்பு இருக்கிறது? இன்றைய மன்றத்தின் கேள்வி இதுதான்.

"உயிர், உடைமை, பாதுகாப்பு" என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். பாதுகாப்பு என்றவுடன் பலருக்குத் திருடன்தான் நினைவுக்கு வருகிறான். கதவுக்கு இரட்டைப் பூட்டு, வாசலில் நாய், ஜன்னலுக்குக் கம்பி. பூட்டு வேண்டியதுதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மலையில் வாழும் குடும்பத்தின் வீட்டை ஒரே இரவில் கொண்டு போவது பெரும்பாலும் திருடன் அல்ல. மேலே இருந்து வரும் மண் கொண்டு போகிறது, கீழே இருந்து ஏறும் வெள்ளம் கொண்டு போகிறது. சில வேளைகளில் ஒரு காகிதம் கொண்டு போகிறது. இந்த மூன்றுக்கும் எந்தப் பூட்டும் ஈடு கொடுக்காது.

வீடு யாருடையது?

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் திறந்தது. காட்டை அழித்து, சரிவில் கொழுந்துச் செடி நட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையை ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இன்று உலகம் படம் பிடித்துக்கொண்டு போகும் அந்தப் பச்சை அழகு அவர்களின் கைவேலை.

அந்தக் கைகளுக்குக் கிடைத்த உடைமை என்ன? லயத்தில் ஒரு வீடு. அதுவும் சொந்தம் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரை கூரை இருக்கும். வேலை முடிந்த நாளில் சாமான்களைக் கட்ட வேண்டும். ஐம்பத்தைந்து வயது வரை கொழுந்து பறித்த ஒரு தாய் கடைசியில் கையில் எடுத்துக்கொண்டு போவது சேமநிதிப் பணமும் சாமி படமும்தான். மலேசியத் தோட்டப்புறங்கள் எங்கும் நடந்த கதை இது. மலையில் குளிர் கூடுதல் என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

சாலையோர ஊர்களின் கதை சற்று வேறு. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950இலிருந்து காட்டோரம் சிதறி வாழ்ந்த மக்களைப் பிரிட்டிஷ் அரசு புதுக்கிராமங்களில் கொண்டுவந்து சேர்த்தது. திரிங்காப்பும் அப்படி உருவான ஊர்களில் ஒன்று. சீனக் குடும்பங்கள் காய்கறி பயிரிட்டன. பின்னாளில் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களும் அதே வழியில் இறங்கினார்கள். முட்டைக்கோஸ், தக்காளி, பூச்செடி, லோரிப் போக்குவரத்து என்று பல தொழில்களில் காலூன்றினார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவரின் மகன் சொந்தமாக மண்வெட்டி பிடித்தான். கங்காணி இல்லை, கிராணி இல்லை, தனக்குத் தானே முதலாளி.

அந்த முதலாளியின் காலடி மண் மட்டும் அவனுடையதாக இல்லை.

ஓராண்டு உரிமம்

கேமரன் மலையில் காய்கறி நிலங்களில் பெரும்பகுதி நெடுங்காலமாகத் தற்காலிக உரிமத்தின் கீழ் பயிரிடப்பட்டவை. டி.ஓ.எல். என்று மக்கள் சொல்வது இதைத்தான். இதன் தன்மையை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேசிய நிலச் சட்டப்படி இந்த உரிமம் அந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும், புதுப்பித்தால்தான் தொடரும். இதை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் உரிமமும் அவரோடு முடிகிறது. மகனுக்குத் தானாகப் போய்ச் சேராது.

இன்னொன்றும் உண்டு. "முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறோம், இனி யார் எங்களை அசைக்க முடியும்?" என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 48ஆவது பிரிவு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமத்தோடு இருந்தாலும் உரிமம் இல்லாமல் இருந்தாலும், அந்தக் காலக் கணக்கை மட்டும் காட்டி நில உடைமை பெற முடியாது. முப்பது ஆண்டு வியர்வைக்குச் சட்டத்தின் கண்ணில் தனி மதிப்பு கிடையாது.

இதன் விளைவைத் திரிங்காப்புக்குப் பக்கத்திலேயே பார்த்தோம். குவாலா தெர்லாவை அடுத்த சுங்கை இச்சாட் பகுதியில் 2019ஆம் ஆண்டின் முற்பகுதியில் காய்கறித் தோட்டங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. அங்கே பயிரிட்டவர்களில் நம்மவர்கள் பலர். பல்லாண்டு காலமாக உழைத்த மண் என்றார்கள் விவசாயிகள். முறையான உரிமம் இல்லை, அது குடிநீருக்கு ஆதாரமான ஆற்றுப்பகுதி என்றது அரசுத் தரப்பு.

இரண்டு பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். மேலே கலக்கப்படும் உரமும் பூச்சிமருந்தும் கீழே குழாயைத் திறக்கும் குழந்தையின் குவளைக்குத்தான் வருகின்றன. அதே நேரத்தில், ஒரு குடும்பம் பல ஆண்டுகள் பயிரிடும் வரை யாரும் கேட்காமல் இருந்துவிட்டு, ஒரு காலைப் பொழுதில் மண்வாரி இயந்திரத்தோடு வந்து நின்றால் அதற்குப் பெயர் நிர்வாகமா?

மண்ணும் மழையும்

இனி உயிரின் பக்கம் வருவோம். நில உரிமைக்கும் நிலச்சரிவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

ஓராண்டு உரிமத்தில் நிற்கும் விவசாயி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய நிலத்தின் மேல்புறத்தில் சரிவு. அதற்குக் கல்லும் சிமெண்டும் கொண்டு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும், மழைநீர் வடிய முறையான வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவோ பல ஆண்டு விளைச்சல். அடுத்த ஆண்டு இந்த நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதபோது அவர் சுவர் கட்டுவாரா? கட்டமாட்டார். மண் மூட்டையை அடுக்கி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடி, "இந்த மழைக்குத் தாங்கும்" என்று சொல்லிக்கொள்வார். வேலையாட்கள் தங்குவதற்குச் சரிவின் அடியிலேயே பலகையும் தகரமும் கொண்டு ஒரு கொங்சி எழும்பும். நிலையில்லாத உரிமம் நிலையில்லாத கட்டடத்தை உண்டாக்குகிறது. அந்தக் கட்டடத்தில் உறங்குகிறவரின் உயிரும் நிலையில்லாமல் போகிறது.

மழைக்கோ இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கேமரன் மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது உச்சத்துக்குப் போகும். காடு இருந்த காலத்தில் இலையும் வேரும் அந்த நீரைத் தாங்கி மெதுவாக மண்ணுக்குள் விட்டன. இன்று சரிவுகளில் காட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் கூரை. கூரையில் விழும் நீர் ஒரு சொட்டும் ஊறாமல் ஒரே பாய்ச்சலாக ஓடுகிறது. வெட்டிப் போட்ட மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

அந்த மண் எங்கே போகிறது? திரிங்காப் பக்கத்து நீர் தெலோம் ஆற்றில் சேர்கிறது. தெலோம் ஆற்று நீரின் ஒரு பகுதி மின் உற்பத்திக்காக மலையைக் குடைந்த சுரங்க வழியில் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்படுகிறது. அங்கிருந்து அது ரிங்லெட் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியைத் தேக்குவது 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை. மேலே வெட்டப்படும் மண்ணில் ஒரு பங்கு, பல மைல் தாண்டி அணைக்குள் போய்ப் படிகிறது. படியப் படிய ஏரியின் கொள்ளளவு சுருங்கியது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23 அதிகாலையில் கனமழையால் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே லெம்பா பெர்த்தாமில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மேல் வெள்ளமும் சேறும் பாய்ந்தன. வீடுகள், வாகனங்கள், உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட், லெம்பா பெர்த்தாம் பகுதியில் மீண்டும் மண்வெள்ளம், மீண்டும் உயிர்ப்பலி.

மேலே இருப்பவன் செய்வது கீழே இருப்பவனின் படுக்கைக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் மலையில் பாதுகாப்பு என்பது தனி ஒருவரின் வேலியோடு முடிகிற காரியமாக இருப்பதில்லை.

2024 ஜனவரி 26. திரிங்காப்பிலிருந்து வெகுதூரம் இல்லாத புளூவேலி பகுதியில் விடியலுக்கு முன் மண் சரிந்தது. புதையுண்டு இறந்த ஐவரும் மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள். பிழைக்க வந்த நாட்டில், இன்னொருவர் காட்டிய இடத்தில், ஒரு சரிவின் அடியில் படுத்தவர்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரும் இப்படித்தான் காட்டிய இடத்தில் படுத்தார்கள்.

தேயிலை மலைகளின் ஒரே கதை

கடல் கடந்து பார்த்தாலும் இதே கதைதான். இலங்கை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்ததே தவிர, போய்க் குடியிருக்க வேறு நிலம் வரவில்லை. "ஓடு" என்று சொன்னவர்கள் "எங்கே ஓடுவது" என்பதைச் சொல்லவில்லை.

கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு இதுவே நடந்தது. தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதியில் வேர் உள்ள குடும்பங்கள் பல. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று.

இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் தாங்கள் உறங்கிய இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். வீடு தோட்டத்தினுடையது, இடமும் தோட்டம் காட்டியது. நிலத்தின் மேல் உரிமை இல்லாதவருக்கு ஆபத்திலிருந்து விலகிப் போகும் வசதியும் இல்லாமல் போகிறது. உடைமை வேறு, உயிர் வேறு என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு!

குடும்பம் செய்யக்கூடியது

சரி, அரசு எல்லாவற்றையும் சரிசெய்யும் வரை கைகட்டி உட்கார்ந்திருக்கலாமா? கூடாது. ஒரு குடும்பம் இன்றே செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலில் காகிதம். உரிமம் யார் பெயரில் இருக்கிறது? எந்த ஆண்டு வரை கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது? அப்பா பெயரில் இருந்து அப்பா இறந்துவிட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாமல் உடனே நில அலுவலகத்தில் புது விண்ணப்பம் கொடுக்க வேண்டும். உரிமம், ரசீது, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, தண்ணீர் புகாத பையில் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டி வைக்க வேண்டும். ஓட வேண்டிய நேரத்தில் அலமாரியைத் துழாவ நேரம் இருக்காது.

இரண்டாவது காப்புறுதி. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கான சொக்சோ பாதுகாப்புக்கு 2017இல் சட்டம் வந்தது. 2020 முதல் விவசாயிகளும் அதில் சேர வழி திறந்தது. வேலையின்போது நேரும் விபத்துக்கும் மரணத்துக்கும் அது குடும்பத்துக்குக் கைகொடுக்கும். அந்நியத் தொழிலாளர்களையும் 2019 முதல் முதலாளிகள் சொக்சோவில் பதிய வேண்டும். நிலப்பட்டாவோடு வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். சாதாரணத் தீக்காப்புறுதியில் நிலச்சரிவு அடங்காது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மலையில் வாழ்ந்துகொண்டு நெருப்புக்கு மட்டும் காப்புறுதி எடுத்தால் போதுமா?

மூன்றாவது, மண் கொடுக்கும் அறிகுறி. சரிவின் உச்சியில் புதிதாக வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று இறுகித் திறக்க மறுக்கும் கதவு, தெளிவாக வந்த ஊற்றில் கலங்கல் நீர், மழை கொட்டும்போதே வற்றிப்போகும் ஓடை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் வெளியேற வேண்டும், பிறகு 999க்கு அழைக்க வேண்டும். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாமில் நிலச்சரிவு 31 பேரைக் கொண்டு போனதும் மக்கள் உறங்கும் நேரத்தில்தான்.

ஊர் செய்யக்கூடியது

இந்தோனேசியாவின் சிறு கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் முனையில் ஒரு காவல் குடில், அதில் மூங்கிலையோ மரத்தையோ குடைந்து செய்த ஒரு தட்டுக்கருவி தொங்கும். கெந்தோங்கான் என்று பெயர். இரவில் வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக் காவல் சுற்றுவார்கள். திருட்டுக்கு ஒரு விதமான தட்டு, தீக்கு ஒரு விதம், வெள்ளத்துக்கு வேறு விதம். சத்தத்தைக் கேட்டதும் என்ன ஆபத்து என்று ஊருக்கே தெரிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், தொலைபேசி வேண்டாம். பெட்டிமுடியில் எது அற்றுப்போனதோ, அது இல்லாமலே இயங்கும் ஏற்பாடு.

நம் நாட்டிலும் 1975 முதல் ருக்குன் தெதாங்கா இருக்கிறது. பல இடங்களில் அது திருடனைப் பிடிக்கும் காவலாகவும், பெருநாள் விருந்து நடத்தும் குழுவாகவும் நின்றுவிட்டது. திரிங்காப் போன்ற ஊரில் அதன் முதல் வேலை மழைக்காவலாக இருக்க வேண்டாமா? கனமழை இரவில் இருவர் விழித்திருப்பது, எந்தச் சரிவின் கீழ் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசி வைப்பது, பாலர் பள்ளியோ மண்டபமோ கோயிலோ எது மேடான இடம் என்று தீர்மானிப்பது. இவற்றுக்கெல்லாம் பணம் தேவையில்லை. மனம்தான் தேவை.

அந்தப் பட்டியலில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் பூர்வகுடியினரும் இருப்பார்கள். கொங்சியில் தங்கும் இந்தோனேசியரும் வங்காளதேசியும் மியன்மார்க்காரரும் அதில் இருந்தாக வேண்டும். எச்சரிக்கை அவர்களுக்குப் புரியும் மொழியில் போக வேண்டும். நம் வயலில் உழைக்கும் கை, மழை இரவில் மட்டும் கணக்கில் வராமல் போனால், அந்த ஊரைப் பாதுகாப்பான ஊர் என்று யார் சொல்வது?

அரசு செய்ய வேண்டியது

இறுதியாக அரசின் பங்கு. மலையைக் கூறுபோட்டு எல்லோருக்கும் பட்டா கொடு என்று கேட்பது நியாயமில்லை. சில சரிவுகளை யாரும் தொடவே கூடாது. மலைநிலத்தைக் காக்க 1960ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கேட்க வேண்டியது வேறு. பயிரிடத் தகுந்த இடத்தைத் தேர்ந்து, ஓராண்டு அல்ல, ஒரு தலைமுறை நம்பி முதலீடு செய்யக்கூடிய குத்தகையைக் கொடுங்கள். தடுப்புச் சுவர், வடிகால், ஆற்றோர இடைவெளி ஆகியவற்றை அந்தக் குத்தகையின் நிபந்தனையாக வையுங்கள். மீறினால் பறியுங்கள். உரிமையோடு கடமையும் சேர்ந்து வந்தால் மண்ணும் நிற்கும், மனிதனும் நிற்பான். ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளிக்கு ஆபத்தில்லாத இடத்தில் ஒரு வீட்டுமனை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. பழைய கோரிக்கை என்பதால் அது தீர்ந்துபோன கோரிக்கை ஆகிவிடாது.

வள்ளுவர் நாட்டுக்கு அழகு சொல்லும்போது பிணியின்மையையும் செல்வத்தையும் விளைச்சலையும் இன்பத்தையும் காவலையும் சேர்த்தே சொன்னார். காவலை மட்டும் தனியாகப் பிரித்துப் பூட்டுக்கடையில் வாங்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை கேமரன் மலைக்குப் போகிறவர்கள் திரிங்காப்பில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். சரிவைப் பாருங்கள், அதன் அடியில் இருக்கும் கூரையைப் பாருங்கள். அந்தக் கூரையின் கீழ் இருப்பவர் இன்றிரவு மழை வந்தால் எங்கே போவார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கும் நாளில்தான் அந்த ஊரில் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லலாம்.